கத்திரி வெயிலில் வளைகாப்பு: சென்னையில் முதல்முறை நடத்துபவர்களுக்கு

போன வருடம் மே மாதம் என் தங்கைக்கு வளைகாப்பு. அம்மாவுக்கு மூட்டு வலி, அண்ணன் வெளியூரில். மண்டபம், சமையல், பூ, வளையல் எல்லாம் என் பொறுப்பாகிவிட்டது. எனக்கு முன் அனுபவம் கிடையாது. காலை 10 மணிக்குத் தொடங்கிய சடங்கு 12.30 வரை இழுத்தது. கனமான பட்டுப்புடவையில், முதுகுக்குச் சாய்மானம் இல்லாத மணையில், அத்தனை நேரமும் அவள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது பேருக்கு மேல் சந்தனம் பூசி முடித்த சமயத்தில் அவள் முகம் வெளுத்தது. "அக்கா, கண்ணு இருட்டுது" என்றாள். பக்கத்து அறையில் இடதுபக்கமாகப் படுக்க வைத்து, உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்த வருடம் அதே மே மாதத்தில் அம்பத்தூரில் இருக்கும் சித்தப்பா மகளுக்கு நடத்தினோம். சடங்கு 40 நிமிடத்தில் முடிந்தது, அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் கர்ப்பிணி உட்காரும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

மண்டபம் பார்ப்பதற்கும் பத்திரிகை அடிப்பதற்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. வரும் பெண்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பன்னீர் தெளித்து, வளையல் போட்டு, அட்சதை தூவி, ஒரு படமும் எடுத்துக்கொண்டால் குறைந்தது இரண்டு நிமிடம். 50 பேர் என்றால் 100 நிமிடம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ இருக்கும் பெண்ணால் சென்னை வெயிலில் அது முடியாது.

நாங்கள் இந்த முறை செய்தது: நெருங்கிய உறவில் ஒன்பது பேர் மட்டும் முழுச் சடங்கும் செய்தார்கள். மற்றவர்கள் வரிசையில் வந்து ஆளுக்கு ஒரு வளையல் போட்டு அட்சதை தூவினார்கள். குழுப்படங்கள் எல்லாம் அவள் சாப்பிட்டு, உடை மாற்றி, ஓய்வெடுத்த பிறகு. ஒன்பது பேருக்கு 20 நிமிடம், மீதிப் பேருக்கு 20 நிமிடம்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போதே மருத்துவரிடம் தேதியைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கால் வீக்கம் இருந்தால் எவ்வளவு நேரம் உட்காரலாம், என்ன சாப்பிடலாம் என்று அவர் சொல்வார். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் அதை இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு துண்டு இனிப்பை வாயில் ஊட்டுவார்கள், அந்த இடத்தில் அவளால் மறுக்கவும் முடியாது.

2. தேதியும் நேரமும்

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வாக்கில் முடியும். வளைகாப்புக்கு 5, 7, 9 என்று ஒற்றைப்படை மாதம்தான் பார்ப்பார்கள் என்பதால் கத்திரியை எல்லோராலும் தவிர்க்க முடியாது. ஏழா ஒன்பதா என்ற தேர்வு உங்கள் கையில் இருந்தால், எது கத்திரிக்கு வெளியே விழுகிறதோ அதை எடுங்கள்.

நேரம் காலை 7.30 முதல் 9 மணிக்குள். அதற்கு மேல் எது சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். "கடல்காற்று வந்துவிடும்" என்பார்கள். அது மதியத்துக்கு மேல்தான் உள்ளே வரும், சில நாள் வரவே வராது. ஞாயிற்றுக்கிழமையில் இன்னொரு வசதி உண்டு. அன்று எமகண்டம் பகல் 12 முதல் 1.30, ராகு காலம் மாலை 4.30 முதல் 6. காலை முழுவதும் தடையில்லை. வெள்ளிக்கிழமை என்றால் 10.30க்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதுவும் ஒருவகையில் நல்லதுதான், யாரும் இழுத்தடிக்க மாட்டார்கள்.

மாலையில் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். மே மாதத்து மாலையில் சுவரும் மொட்டைமாடியும் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், புழுக்கமும் சேரும். அவளும் பகல் முழுக்க விருந்தினரோடு பேசியே களைத்திருப்பாள். காலைதான் சரி.

வைகாசி கல்யாண மாதம். பெரிய முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது, பூ விலை ஏறும், சமையல்காரர் வேறு இடத்தில் இருப்பார். நல்ல நாளாக இருந்து பெரிய முகூர்த்தமாக இல்லாத தேதி இருக்கிறதா என்று குடும்ப ஜோசியரிடம் கேளுங்கள்.

3. இடமும் ரசீதும்

எட்டு வாரம் முன்பே இடத்தை உறுதி செய்யுங்கள். மூன்று வழிகள் உண்டு.

அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது ஹால் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. சங்கச் செயலாளருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். தேதி, நேரம், எத்தனை பேர், வெளியாள் வண்டி எத்தனை, யார் சுத்தம் செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஹாலுக்கும் ஓடுமா, லிஃப்டுக்கு மட்டும்தானா என்று தவறாமல் கேளுங்கள்.

இரண்டாவது மினி ஹால். பதிவுக்கு ஆதார் நகல் கேட்பார்கள். நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். வாடகை 25,000 என்றார்கள். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 4,500 ரூபாய், தனி என்பது பில் வந்தபோதுதான் தெரிந்தது. ஏசி நான்கு மணி நேரத்துக்கு மட்டும், அதற்குப் பிறகு மணிக்கு இவ்வளவு, டீசல் தனி, துப்புரவு தனி. அந்த நான்கு மணி நேரமும் அலங்காரக்காரர் விடியற்காலையில் சுவிட்சைப் போட்ட நிமிடத்திலிருந்து ஓடிவிட்டது. சடங்கு உச்சத்தில் இருந்தபோது ஏசி நின்றது. ஆகவே ஏசி எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணி வரை என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, மாநகராட்சியின் சமுதாய நலக்கூடங்கள். வாடகை குறைவு, மாநகராட்சி இணையதளத்தில் பார்க்கலாம். பெரும்பாலும் மின்விசிறிதான் இருக்கும். பதிவுக்கு முன் நேரில் போய்க் கழிப்பறையைப் பாருங்கள். சொல்லப்போனால் எந்த இடமாக இருந்தாலும் கழிப்பறைதான் முதல் சோதனை. அவள் உட்காரும் இடத்திலிருந்து இருபது முப்பது அடிக்குள், படி ஏறாமல், மேற்கத்திய வகையில் இருக்க வேண்டும்.

மொட்டைமாடியில் பந்தல் போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தெருவில் ஷாமியானா போடுவதற்கு அனுமதி வாங்க வேண்டும், காவல் நிலையத்துக்கும் மண்டல அலுவலகத்துக்கும் அலைய வேண்டும். மே மாதத்தில் அந்த அலைச்சலுக்குப் பலன் கிடையாது.

ஏர் கூலர் வாடகைக்கு எடுக்காதீர்கள். வறண்ட ஊரில்தான் அது வேலை செய்யும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், கூலர் இன்னும் ஈரத்தைச் சேர்த்துப் பிசுபிசுப்பாக்கும். பெரிய ஸ்டாண்ட் ஃபேன் நான்கு போதும்.

4. அலங்காரம்: வாடாததை மட்டும் வையுங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இது. முதல் வருடம் அதிகப் பணத்தை வீணாக்கியதும் இதில்தான்.

படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, பலூன் வளைவும் ரோஜா இதழ்க் கம்பளமும் சொல்லியிருந்தேன். பலூன் வளைவில் ஒரு பக்கம் ஜன்னல் வெயில் பட்டது. ஒன்பதரைக்கு மேல் ஒவ்வொன்றாக வெடித்தது, ஒவ்வொரு வெடிக்கும் தங்கை தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள். ரோஜா இதழ் பதினொரு மணிக்குக் கறுத்து, தரையில் ஒட்டி, வழுக்கியது. கர்ப்பிணி நடக்கும் தரையில் இதழும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். கேஸ் பலூன் கூடவே கூடாது. ஹீலியம் என்று சொல்லி ஹைட்ரஜன் நிரப்பித் தருபவர்களும் உண்டு, அது தீப்பிடிக்கும். அதன் பக்கத்தில்தான் நாம் ஆரத்திக்குக் கற்பூரம் ஏற்றுவோம்.

வெயிலைத் தாங்குபவை நம் பழைய பொருட்கள்தான்: மாவிலை, குருத்தோலைத் தோரணம், வாழைக்கன்று, செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை. இந்த முறை பின்னணிக்கு இரண்டு சுங்குடிச் சேலைகளை மடிப்பு வைத்துக் கட்டினோம், ஒன்று பச்சை, ஒன்று அரக்கு. அதன் மேல் கண்ணாடி வளையல்களை நூலில் கோத்துச் சரம் சரமாகத் தொங்கவிட்டோம். காற்றில் அது கிணுகிணுவென்று சத்தம் போட்டது, குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. இரண்டு பக்கமும் பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட்டோம். முன்னால் மாக்கோலம். கனமான ஃபோகஸ் விளக்குகள் கிடையாது, எல்இடி மட்டும். ஃபோகஸ் விளக்கின் சூடு நேராக அவள் முகத்தில் அடிக்கும்.

மணைக்குப் பதில் கைப்பிடியும் முதுகுச் சாய்மானமும் உள்ள நாற்காலி, காலுக்கு ஒரு முக்காலி. சம்பிரதாயத்துக்கு மணை வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் அந்த மணையைக் காலுக்குக் கீழே வையுங்கள். எங்கள் பாட்டி இதற்கு ஒப்புக்கொண்டார். நாற்காலியை ஜன்னலுக்கு எதிரே போடாதீர்கள். முந்தின நாள் அதே நேரத்துக்குப் போய் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு இடத்தைக் குறியுங்கள். மின்விசிறி அவள் மேல் வீசட்டும், குத்துவிளக்கை அந்தக் காற்று படாத மூலையில் வையுங்கள். விளக்கு அணைகிறது என்று முதல் வருடம் ஒருவர் மின்விசிறியையே நிறுத்திவிட்டார்.

உதிரிப்பூவைக் கோயம்பேடு பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் கிலோ கணக்கில் வாங்கலாம். மல்லிகைக்குக் கோடைதான் விளைச்சல் காலம், மார்கழியில் கேட்கும் விலை மே மாதத்தில் இருக்காது. வாங்கிய பூவை ஈரத்துணியில் சுற்றி வாழையிலை மேல் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் ஒரு மணி நேரத்தில் புழுங்கிவிடும்.

அலங்காரக்காரரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்க வேண்டியவை: எது நிஜப் பூ, எது செயற்கை, எத்தனை மணிக்கு முடித்துக் கொடுப்பார், கழற்றுவது யார், வண்டி வாடகை சேர்ந்ததா. முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நான் முக்கால் பங்கு கொடுத்துவிட்டேன். சொன்ன பூவும் வரவில்லை, கேட்க ஆளும் இல்லை.

5. வளையல்: அளவில்தான் எல்லோரும் தவறுவது

வளையல் அளவு 2.2, 2.4, 2.6, 2.8, 2.10 என்று போகும். புள்ளிக்குப் பிறகு வருவது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பது. 2.4 என்றால் இரண்டேகால் அங்குலம். புதிதாக வாங்குபவர்கள் 2.10ஐ 2.1 என்று நினைத்துச் சின்னது என்று ஒதுக்குவார்கள். அது 2.8ஐ விடப் பெரியது.

ஏழாம் மாதத்தில் கை வீங்கும், வெயிலில் இன்னும் வீங்கும். அவள் வழக்கமாக 2.4 போடுபவள் என்றால் 2.6 வாங்குங்கள். இறுக்கமான கண்ணாடி வளையலைத் திணித்தால் உடைந்து கையைக் கீறும். விழா நடக்கும் வாரத்தில், சாயங்கால நேரத்தில், ஒரு வளையலைப் போட்டுப் பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள். வளையல்காரரை வீட்டுக்கே வரச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது, அவர் கை பார்த்தே அளவு சொல்லிவிடுவார்.

வருபவர்களுக்கு நாங்கள் வாங்கியது 45 டஜன்: 2.4லும் 2.6லும் பதினாறு பதினாறு, 2.8ல் ஏழு, மீதி ஆறு சிறுமிகளுக்கு. அவளுக்குத் தனியாக ஐந்து டஜன், பச்சையும் சிவப்பும், உடைவதற்கும் சேர்த்து. வேப்பங்காப்பு முதலில் போட வேண்டும் என்பதால் இளம் வேப்பங்குச்சியைக் காலையில் ஒடித்து வளைத்து வையுங்கள். காய்ந்தது வளையாது, ஒடியும். மொத்த விலைக்குப் பாரிமுனை, சவுகார்பேட்டைப் பக்கம் போகலாம். காலை கடை திறந்ததும் போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் அந்தச் சந்துகளில் நிற்க முடியாது. குறைவாக வேண்டும் என்றால் மயிலாப்பூர் மாட வீதிகளிலேயே வளையலும் மஞ்சள் குங்குமமும் கிடைக்கும்.

6. சாப்பாடும் தண்ணீரும்

கலவை சாதம்தான் வளைகாப்பின் அடையாளம், அது இல்லாமல் முடியாது. ஆனால் எல்லாச் சாதமும் ஒரே மாதிரி வெயிலைத் தாங்காது. புளியோதரையும் எலுமிச்சை சாதமும் தாங்கும். தேங்காய் சாதம் சீக்கிரம் ஊசிப்போகும், அதற்குப் பதில் மே மாதத்தில் கிடைக்கும் மாங்காயில் சாதம் செய்யச் சொல்லுங்கள். தயிர் சாதத்தைப் பாலில் பிசைந்து, தயிரைப் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். சமைத்த எதுவும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அதனால் 9 மணிக்குப் பந்தி என்றால் 8 மணிக்கு முன் சாதம் வந்து இறங்க வேண்டாம்.

சமையல்காரரிடம் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணை, அதாவது உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் கேளுங்கள். இலைக்கு எவ்வளவு, குறைந்தபட்சம் எத்தனை இலை, பரிமாறும் ஆள் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். பிளாஸ்டிக் டம்ளர், தெர்மாகோல் தட்டு, சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் கேன் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 70 பேருக்கு 20 லிட்டர் கேன் எட்டு. இரண்டு நாள் முன்பே இறக்கிவையுங்கள், மே மாத ஞாயிற்றுக்கிழமையில் போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். வாசலிலேயே நீர்மோரும் பானகமும் வையுங்கள். தாம்பூலப் பையில் சாக்லேட் போட்டால் உருகி ரவிக்கைத் துணியில் அப்பிக்கொள்ளும், கடலை மிட்டாய் போடுங்கள். வெற்றிலையைக் காலையில்தான் வைக்க வேண்டும்.

7. யார் யாரைக் கூப்பிடுவது

ஒன்பது பேர் பட்டியலைப் பத்து நாள் முன்பே இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து எழுதிவிடுங்கள். மேடைக்கு முன்னால் நின்றுகொண்டு "அடுத்து யார்?" என்று கேட்டால் நேரமும் போகும், மனத்தாங்கலும் வரும்.

கணவரை இழந்தவர்களையும் குழந்தை இல்லாதவர்களையும் வளையல் போட அழைக்காத வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. என் தங்கையைத் தூக்கி வளர்த்த சித்தி போன வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், எழுந்து வரவே இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. இந்த முறை மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மாவிடம் முன்பே தனியாகப் பேசினேன். "அவங்க போடாம யார் போடுவாங்க?" என்று அவரே சொல்லிவிட்டார். பட்டியலில் மூன்றாவது பெயர் சித்தியுடையது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் முன்கூட்டியே பேசுங்கள். விழா அன்று பேசினால் வாக்குவாதமாகி, அவர்தான் இன்னும் கூசிப்போவார்.

8. எங்கள் செலவு

இந்த வருடம் 70 பேருக்கு ஆனது: குடியிருப்பு ஹாலும் துப்புரவும் 6,000. நாற்காலி, மேசை, மின்விசிறி வாடகை 4,500. சாப்பாடு இலைக்கு 240 வீதம் 16,800. அலங்காரம் 11,000. வளையல் 3,200. மாலையும் தலைப்பூவும் 3,500. தாம்பூலப் பை 45 வீதம் 3,150. தண்ணீர் 320. புகைப்படம் 8,000. ஆட்டோ, அன்பளிப்பு, சில்லறை 3,500. மொத்தம் 60,000 ரூபாய்க்கு 30 ரூபாய் குறைவு. போன வருடம் இதைப்போல இரண்டு மடங்கு ஆனது.

9. அன்றைய நாளும் கிளம்பும்போதும்

அவள் பக்கத்தில் ஒருவர் முழுநேரமும் நிற்கட்டும், வேறு எந்த வேலையும் அவருக்குத் தராதீர்கள். கையில் பனையோலை விசிறி, தண்ணீர், இளநீர், ஈரத்துண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்காவது குடிக்கவைக்க வேண்டும். வீட்டிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வரட்டும், வெறும் வயிற்றோடு உட்காரக் கூடாது. மென்பட்டு அல்லது பருத்திப் பட்டு போதும், கனமான காஞ்சிப் பட்டைப் படத்துக்கு மட்டும் தோளில் போட்டுக்கொள்ளலாம். சாம்பிராணிப் புகை வேண்டாம்.

அன்றே தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதாக இருந்தால் வெயில் தாழ்ந்து கிளம்புங்கள். வெளியூர் என்றால், 28 வாரம் தாண்டியவர்களிடம் விமானத்தில் மருத்துவர் சான்று கேட்கக்கூடும். டிக்கெட் எடுக்கும் முன் அந்த நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள். சீர்வரிசைத் தட்டுகளை எண்ணும் அவசரத்தில் மருத்துவக் கோப்பை மறந்துவிடாதீர்கள். ஸ்கேன் அறிக்கைகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், மாத்திரைச் சீட்டு, கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது கொடுத்த ஆர்சிஎச் எண் எழுதிய அட்டை எல்லாம் அவளோடு போக வேண்டும். ஆர்சிஎச் எண்ணைப் பிக்மி எண் என்றும் சொல்வார்கள். குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். நாங்கள் அதைப் புகுந்த வீட்டு அலமாரியில் விட்டுவிட்டு, பிரசவத்துக்குப் பிறகு ஆளனுப்பி எடுத்துவந்தோம்.

கோப்போடு ஒரு சின்னத் துணிப்பையும் வையுங்கள். மருத்துவமனையில் சேரும்போது கண்ணாடி வளையல்களைக் கழற்றச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அவற்றைப் பத்திரமாகப் போட்டுவைக்க ஏதாவது வேண்டும்.